சுடுகளத்தில் ஒரு குழந்தை வண்டி

துப்பாக்கி சுடும் விளையாட்டு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் பார்த்த ஒலிம்பிக் காட்சிதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நிற்கும் இடம் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறது. வீராங்கனை முதல் தோட்டாவிலிருந்து கடைசித் தோட்டா வரை அதே இடத்தில் நின்று சுடுகிறார். கைக்கு எட்டும் தூரத்தில் மேசை இருக்கிறது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட, பறக்கும் மண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டி திறந்தவெளியில் நடந்தாலும், சுடும் ஐந்து நிலைகளுக்கும் இடையே சில எட்டு நடந்தால் போதும். ஆனால் இந்த விளையாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதில் சுடுபவர் வயல்வெளி போன்ற பரப்பில் நாள் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருப்பார். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரியின் கரையில் உள்ள கேம்ப் பெர்ரி அதற்குப் பேர்போன இடம். அந்நாட்டின் தேசிய ரைபிள் போட்டிகள் 1907 முதல் அங்கே நடந்துவருகின்றன. கோடையில் அங்கே போகிறவர் கண்ணில் துப்பாக்கிகளுக்கு முன்பாகப் படுவது சக்கரங்களாக இருக்கலாம். சுடும் கோட்டுக்குப் பின்னால் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். சில கடையில் வாங்கியவை. பல, வேறு எதற்கோ செய்யப்பட்டு, உரிமையாளரின் கைவேலையால் உருமாறியவை. கோல்ஃப் மட்டை தூக்கும் வண்டி, தோட்ட வண்டி, ஓடிக்கொண்டே குழந்தையைத் தள்ளிச்செல்லும் ஜாகிங் ஸ்ட்ரோலர் என்று அவற்றின் பூர்வீகம் பலவிதம்.

வண்டி ஏன் தேவைப்படுகிறது என்பதைப் போட்டியின் அமைப்பே சொல்லிவிடும். ‘ஹை பவர்’ எனப்படும் இந்த ரைபிள் போட்டியின் பழைய, அடிப்படையான வடிவத்தில் 50 தோட்டாக்கள். 200 கஜத்தில் நின்றபடி 10 தோட்டா, அதே தூரத்தில் உட்கார்ந்து 60 விநாடியில் 10, பிறகு 300 கஜத்துக்குப் பின்வாங்கிப் படுத்தபடி 70 விநாடியில் 10, கடைசியாக 600 கஜத்தில் படுத்தபடி நிதானமாக 20. இலக்குகள் ஒரே இடத்தில் நிற்கும், சுடுபவர்தான் பின்னால் நகர்ந்துகொண்டே போக வேண்டும். நடுவே முறை வைத்து இலக்குகளுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இறங்கி, அடுத்தவருடைய இலக்கை இறக்கி, துளையைக் குறித்து, மறுபடி ஏற்றிவிடும் வேலையும் உண்டு. பல சமயம் அந்த நேரம் முழுக்க வண்டியும் அதிலுள்ள சாமான்களும் திறந்தவெளியிலேயே காத்திருக்கும். சாமான்கள் என்று பார்த்தால், ஆடாமல் நிற்பதற்காக உள்ளே ஈயம் வைத்து எடை கூட்டப்பட்ட ரைபிள் 5 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். முழங்கை பதியும் இடமெல்லாம் தடித்த தோல் தைத்த கோட்டு, கையுறை, வார், விரிக்கும் பாய், தோட்டா விழுந்த இடத்தைப் பார்க்கும் தொலைநோக்கி, அதற்கு ஒரு தாங்கி, முக்காலி, தோட்டாப் பெட்டி, காது மூடி, கணக்குப் புத்தகம், மழைக்கோட்டு, தண்ணீர். எல்லாம் சேர்ந்தால் 15 கிலோவை எளிதில் தொட்டுவிடும். ஸ்போர்ட்டிங் கிளேஸ் என்ற ஷாட்கன் விளையாட்டிலும் இதே கதைதான். காட்டுப் பாதையில் நிலை நிலையாக நடந்து, பறக்கும் 100 மண் தட்டுகளைச் சுட வேண்டும். 12 போர் தோட்டாக்கள் நூறுக்கே நாலரைக் கிலோ வரும், துப்பாக்கி மூன்றரையிலிருந்து நான்கு கிலோ. ரைபிள், ஷாட்கன், பிஸ்டல் மூன்றையும் ஒரே போட்டியில் பயன்படுத்தும் ‘த்ரீ கன்’ ஆட்டக்காரருக்கோ இந்த இரண்டு சுமையும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது.

இந்த வண்டிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதுகுவலியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சுமை குறைகிறது, வயதானவர்களுக்கு வசதி, நல்லதுதானே என்று முடித்துவிடுகிறார்கள். அது உண்மைதான் என்றாலும் போதாது. வண்டியால் வரும் முதல் நன்மை பாதுகாப்பு என்பது என் கருத்து. துப்பாக்கியின் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற கேள்விக்கு, கை அசைவை நம்பாமல் ஒரு நிலையான பதிலைத் தருவது வண்டி. அதனால், ஒரு சாதாரணத் தள்ளுவண்டியைச் சுடுகளத்துக்கு ஏற்றதாக மாற்ற நினைப்பவர் சுமையை எங்கே வைப்பது என்று தொடங்கக் கூடாது. குழலை எங்கே நிறுத்துவது என்று தொடங்கி, மற்றதெல்லாம் அதற்கு அடங்கி வருமாறு அமைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், தோளில் தூக்கிப்போவதைவிட வண்டி மோசமாகிவிடும்.

முதலில் தோளில் சுமப்பவர்கள் பக்கத்து நியாயத்தைக் கேட்போம். படைவீரன் இதைவிட அதிகப் பாரத்தைச் சுமந்துகொண்டு மலை ஏறுகிறான், ரைபிள் விளையாட்டு படையிலிருந்து பிறந்தது, ஆகவே சுமப்பதும் அதன் ஒரு பகுதி என்பார்கள். கேம்ப் பெர்ரி போட்டிகளின் வேர் ராணுவப் பயிற்சியில் இருப்பது மெய்தான். ஆனால் போட்டி எதை அளக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 200 கஜ இலக்கில் 10 மதிப்பெண் வளையத்தின் விட்டம் 7 அங்குலம். அதை எந்தத் தாங்கலும் இல்லாமல், நின்றபடி, கையில் பிடித்த ரைபிளால் அடிக்க வேண்டும். நான்கு பகுதிகளில் உடல் மிக அதிகமாக ஆடுவது இந்தப் பகுதியில்தான், நாளின் முதல் பகுதியும் இதுதான். கார் நிறுத்தத்திலிருந்து 15 கிலோவைத் தோளிலும் கையிலும் தொங்கவிட்டு வேகுவேகென்று நடந்து வந்தவரின் முன்கை நடுங்கும், நாடி அடங்க நேரமாகும். அந்த நடுக்கம் நேராக இலக்கில் போய் விழுகிறது. சுமந்து வந்ததற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. சுமக்கும் திறனையும் சேர்த்துச் சோதிக்கும் போட்டிகள் தனியாக உண்டு, அங்கே வண்டிக்கு இடமில்லை என்பது சரி. இங்கே சோதிக்கப்படுவது குறி மட்டும்.

ஆனாலும் களைப்பைவிடப் பெரிய விஷயம் கைகள் நிறைந்திருப்பதுதான். ஒரு கையில் முக்காலியும் பாயும், மறு கையில் தொலைநோக்கித் தாங்கி, தோளில் வாரில் தொங்கும் ரைபிள். இப்படி நடப்பவரை யாராவது பெயர் சொல்லி அழைத்தால் முழு உடலோடுதான் திரும்புவார், கூடவே குழலும் திரும்பும். குனிந்து எதையாவது எடுத்தால் வார் நழுவி ரைபிள் முழங்கைக்கு வரும், குழல் பின்னால் நிற்பவரின் முகமட்டத்துக்குச் சாயும். துப்பாக்கி காலியாகத்தான் இருக்கும். இருந்தாலும், எந்தத் துப்பாக்கியையும் நிரம்பியதாகவே பாவிக்க வேண்டும், சுட விரும்பாத எதை நோக்கியும் குழலைத் திருப்பக் கூடாது என்பவை இந்த விளையாட்டின் ஆதி விதிகள். காலியாக இருக்கிறதா என்ற ஒன்றையே நம்பிப் பாதுகாப்பை விடக் கூடாது என்பதற்குத்தான் இரண்டாவது விதி. அதனால்தான் ரைபிளின் தோட்டா அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் செருகிவைக்கச் சொல்கிறார்கள். கேம்ப் பெர்ரி போட்டிகளை நடத்தும் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கொடி இருக்கும்வரை தோட்டா அறையை அடைக்கும் ‘போல்ட்’ மூடாது, தோட்டா ஏற முடியாது, தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் அது தெரியும். த்ரீ கன் போட்டிகளில் இன்னொரு படி மேலே போய், வண்டியில் வைக்கும் நீளத் துப்பாக்கியின் குழல் செங்குத்தாக மேலோ கீழோ இருக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி வைத்திருக்கிறார்கள். கொடி செருகி, குழல் செங்குத்தாக மேல்நோக்கி நின்று, பட்டையால் கட்டப்பட்ட ரைபிளை ஒருவர் தள்ளிக்கொண்டு போனால், அவர் யார் பக்கம் திரும்பினாலும் குழல் வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதக் கவனம் தளரும் இடத்தில் ஓர் அமைப்பு அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. வண்டிக்கு ஆதரவாக இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்த வண்டியை எடுப்பது என்பதில்தான் பலர் முதல் தவறு செய்கிறார்கள். குழந்தை வண்டி எல்லாம் ஒன்றல்ல. 1965இல் ஓவன் மெக்லாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் குடைபோல மடங்கும் வண்டியை உருவாக்கினார். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் வேலை செய்தவர் அவர். அலுமினியக் குழாயும் சின்னச் சக்கரமும் கொண்ட அந்த வண்டி, பேருந்தில் ஏற்றவும் நடைபாதையில் உருட்டவும் ஏற்றது. 1984இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்ற ஊரில் ஃபில் பேக்லர் என்பவர் செய்தது வேறு இனம். ஓட்டப் பயிற்சிக்குக் குழந்தையையும் கூட்டிச்செல்ல விரும்பிய அவர், சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தி மூன்று சக்கர வண்டி ஒன்றை அமைத்தார். அதிலிருந்து வந்தவைதான் இன்றைய ஜாகிங் ஸ்ட்ரோலர்கள். பின் சக்கரம் பெரும்பாலும் 12 அல்லது 16 அங்குலம், காற்றடைத்த டயர், முன் சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி, நிறுத்தும் பிரேக், கைப்பிடியிலிருந்து தள்ளுபவரின் மணிக்கட்டில் மாட்டும் பட்டை, சுமார் 34 கிலோ தாங்கும் என்ற கணக்கு. கரடுமுரடான தரையில் ஓர் உயிரைக் குலுக்காமல் கொண்டுபோவதற்காக யோசித்துச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடுகள் எல்லாம், நுட்பமான குறிபார்க்கும் கருவி பொருத்திய ரைபிளுக்கும் அப்படியே பொருந்துகின்றன. சுடுபவர்கள் பலர் கடைசியில் இந்த வண்டியிடம் வந்து சேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது.

சக்கரத்தின் அளவு ஏன் இத்தனை முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்குக் காட்டும். வழியில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேடோ வேரோ குறுக்கிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அதன்மேல் ஏற, அந்தச் சக்கரத்தின் மீதுள்ள பாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு விசையோடு தள்ளினால் போதும். 15 சென்டிமீட்டர் சக்கரத்துக்கோ பாரத்தைப்போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விசை வேண்டும். நடைமுறையில் சின்னச் சக்கரம் ஏறாது, சட்டென்று நின்றுவிடும். வண்டி நின்றதும் மேல்பாகம் முன்னோக்கிச் சாயும், உள்ளே நிற்கும் ரைபிளும் சாயும். பல்பொருள் அங்காடித் தள்ளுவண்டி போன்ற சின்னச் சக்கர வகைகளும், குடைபோல மடங்கும் மெலிந்த வண்டிகளும் புல்தரையில் உதவாமல் போவது இதனால்தான். மழை பெய்து ஊறிய மண்ணில் நிலைமை இன்னும் கடினம். குறுகலான டயர் மண்ணில் இறங்கும், அகலமான டயர் மேலே மிதந்து போகும். காற்றடைத்த டயருக்குப் பஞ்சர் பயம் உண்டு. முள்ளும் சரளையும் உள்ள அமெரிக்க மேற்கு மாநிலத் தளங்களில் டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிவைக்கிறார்கள். சிலர் கெட்டி ரப்பருக்கு மாறுகிறார்கள், அது பஞ்சராகாது, ஆனால் ஒவ்வொரு கல்லையும் ரைபிளுக்குச் சொல்லும்.

அடுத்தது வண்டி கவிழும் விஷயம். மாற்றி அமைப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுதான். மூன்று சக்கர வண்டி ஒரு முக்கோணத்தின் மேல் நிற்கிறது. பின் அச்சில் முக்கோணம் அகலமாக இருக்கும், முன்னே போகப் போகக் குறுகி முன் சக்கரத்தில் ஒரு புள்ளியாகிவிடும். பின் சக்கரங்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர், பின் அச்சிலிருந்து முன் சக்கரம்வரை 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். மொத்தப் பாரத்தின் மையம் பின் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், பக்கவாட்டில் சாய்வதற்கு எதிராக அதற்கு இரு புறமும் ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் அடித்தளம் கிடைக்கும். அதே மையம் நடுவுக்குப் போனால் 15 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். மையத்தின் உயரம் 50 சென்டிமீட்டர் என்றால், முதல் நிலையில் வண்டி கவிழ 28 பாகைச் சரிவு வேண்டும், இரண்டாம் நிலையில் 17 பாகை போதும். வாய்க்கால் கரையில் ஒரு பக்கச் சக்கரம் ஏறினாலே அந்தச் சரிவு வந்துவிடும். மையத்தை 40 சென்டிமீட்டருக்கு இறக்கி, பின் அச்சை ஒட்டியே வைத்தால் 33 பாகைக்கு மேல் தாங்கும். ஆக, தோட்டாப் பெட்டி போன்ற கனமான சாமான் மிகத் தாழ்வாக, இருக்கைக்கு அடியில், பின் அச்சுக்குச் சற்று முன்னே போக வேண்டும். ரைபிள் அதற்கு மேல், குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். குழந்தையின் எடைக்காக வடிவமைத்தவர் இந்தக் கணக்கை ஏற்கெனவே போட்டுவைத்திருக்கிறார், நாம் அதை மதித்தால் போதும். கைப்பிடியில் கோட்டையும் பையையும் தொங்கவிடுவதுதான் அந்தக் கணக்கைக் குலைப்பது. கைப்பிடி பின் அச்சுக்கு வெளியே இருக்கிறது. குழந்தையைத் தூக்கியதும் கைப்பிடியில் தொங்கும் காய்கறிப் பை வண்டியைப் பின்னால் மல்லாத்திவிடுவது தாய்மார் எல்லோருக்கும் தெரிந்த விபத்து. ரைபிளை எடுத்த கணத்தில் இங்கேயும் அதுவே நடக்கும், மீதமிருக்கும் இன்னொரு துப்பாக்கியோடு.

இனி ரைபிள் நிற்கும் இடத்தை அருகில் போய்ப் பார்ப்போம். துணி இருக்கையைக் கழற்றிவிட்டு, அடியில் ஒரு பிளைவுட் பலகையைச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். ரைபிளின் கட்டை, அதாவது தோளில் பதியும் பின்பகுதி, உட்காரும் அளவுக்கு அந்தப் பலகையில் ஒரு குழி அல்லது நான்கு பக்கமும் விளிம்பு, உள்ளே ரப்பர் மெத்தை, மழைத்தண்ணீர் வடிய ஒரு துளை. மேலே, குழலின் நடுப்பகுதி வரும் உயரத்தில் ஒரு குறுக்குச் சட்டம், அதில் ஆங்கில ‘யு’ வடிவத்தில் வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டு, அதற்கு உள்ளே குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் நுரை உறை. ரைபிள் அதில் சாய்ந்ததும் ஒரு வெல்க்ரோ பட்டை சுற்றி வந்து ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு பட்டை மட்டும் போதாது என்பதைக் குண்டும் குழியுமான பாதை உடனே காட்டிவிடும். கட்டை குழியிலிருந்து துள்ளி வெளியே வந்தால், மேல் பட்டையை அச்சாகக் கொண்டு ரைபிள் முழுதும் சுழலும். அதனால் கட்டைப் பக்கமும் ஒரு பட்டை வேண்டும். தொலைநோக்கிக் குறியுள்ள ரைபிள்களில் அந்தக் கருவி எதன்மீதும் உரசக் கூடாது. கேம்ப் பெர்ரியின் ‘சர்வீஸ் ரைபிள்’ எனப்படும் ராணுவ வகை ரைபிள் பிரிவில் 2016 முதல் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் கருவிகளை அனுமதித்த பிறகு, முன்பு இரும்புக் குறி மட்டும் வைத்திருந்தவர்களின் பழைய தாங்கிகளுக்கும் இந்த மாற்றம் தேவைப்பட்டது. துப்பாக்கி இரண்டு இருந்தால் இரண்டுக்கும் நடுவே கைமுட்டி நுழையும் இடைவெளி விட வேண்டும். ஒன்றை எடுக்கும்போது மற்றது அசையக் கூடாது.

குழல் மேலா, கீழா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கீழ்நோக்கி வைத்தால் வண்டியை நிறுத்திக் குனியும் எவருடைய முகத்துக்கும் குழல் அருகில் வராது. ஆனால் குழல்வாய் தரைக்குப் பக்கத்தில் இருக்கும், சக்கரம் வீசும் சேறும் மணலும் உள்ளே போகலாம். குழலுக்குள் அடைப்பு இருக்க ஒரு தோட்டாவைச் சுட்டால் குழல் உப்பிவிடும், வெடிக்கவும் செய்யும். இது சுடுபவருக்கும் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் ஆபத்து. மேல்நோக்கி வைத்தால் சேறு பிரச்சினை இல்லை, மழைக்கு மட்டும் ஒரு மூடி வேண்டும், குழலின் நிலை தூரத்திலிருந்தே பார்வைக்குத் தெரியும். குனிபவர் தலைக்கு மேல் குழல் வரக் கூடாது என்பதுதான் சிக்கல். அதற்குத் தீர்வு வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது: அடிக்கடி எடுக்கும் சாமான்களை, அதாவது தண்ணீர், கணக்குப் புத்தகம், காது மூடி ஆகியவற்றை, ரைபிளுக்குக் குறுக்கே கை நீட்டாமல் எடுக்கும்படி பின்பக்கம் வைத்தால் யாரும் குழலுக்கு மேல் குனியத் தேவையிருக்காது. அதனால் மேல்நோக்கி வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன். அந்தந்தத் தளத்தின் விதி வேறு சொன்னால் விதிக்குத்தான் பணிய வேண்டும், அதில் வாதத்துக்கு இடமில்லை.

வண்டியே ஓர் ஆபத்தாகாதா என்ற கேள்வி நியாயமானது. காற்றில் உருண்டோடும், சரிவில் நகரும், சுடும் கோட்டுக்குப் பின்னால் வழியை அடைக்கும். மூன்றும் நடக்கக்கூடியவை. ஈரி ஏரியிலிருந்து திடீரென்று வீசும் காற்றில் மழைக்காக மேலே போர்த்திய தார்ப்பாய் பாய்மரமாகிவிடும், அதனால் தார்ப்பாயை வண்டியைச் சுற்றி இறுக்கிக் கட்ட வேண்டும், குடைபோல விரித்துவைக்கக் கூடாது. நிறுத்தும் பிரேக் இல்லாத எந்த வண்டியையும், கோல்ஃப் வண்டியானாலும் தோட்ட வண்டியானாலும், பிரேக் பொருத்தாமல் களத்துக்குக் கொண்டுவரக் கூடாது. சரிவில் நிறுத்தும்போது சரிவுக்குக் குறுக்காக நிறுத்தினால் உருளாது, ஆனால் அப்போது பக்கவாட்டுச் சாய்வு வருகிறது. மேலே போட்ட கவிழும் கணக்கு அங்கேதான் வேலைக்கு வரும். வழி அடைப்பதைப் பொறுத்தவரை, சுடும் கோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோகவே வேண்டாம். பின்னால் காத்திருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, அந்தப் பகுதிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் போவதுதான் வழக்கம். வண்டியின் அகலம் ஒரு வாசல் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பக்கத்திலிருப்பவருக்குச் செய்யும் மரியாதை.

இதற்கென்றே செய்த வண்டிகள் கடையில் கிடைக்கும்போது எதற்கு இந்தத் தச்சுவேலை என்றும் கேட்கலாம். ரைபிள் தாங்கி, இருக்கை, தொலைநோக்கித் தாங்கி எல்லாம் சேர்ந்த வண்டிகள் அமெரிக்கச் சந்தையில் உண்டு, அவற்றில் நன்றாகச் செய்தவையும் இருக்கின்றன. சராசரி உயரம், ஒரே வகை ரைபிள், காரின் பின்பெட்டியில் போதிய இடம் என்று எல்லாம் பொருந்துகிறவர் அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் வண்டி மூன்று அளவுகளுக்கு நடுவே உட்கார வேண்டியிருக்கிறது: தள்ளுபவரின் உயரம், துப்பாக்கியின் நீளம், காரின் பின்பெட்டி. ஷாட்கன் குழலும் ரைபிள் குழலும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. இடக்கைக்காரருக்குத் தொலைநோக்கி மறுபக்கம் வேண்டும். சிறுவர் சிறுமியர் சுடும் குடும்பத்தில் தாங்கியின் உயரமே வேறு. பழைய ஜாகிங் ஸ்ட்ரோலரோ தோட்ட வண்டியோ மலிவாகக் கிடைக்கும், ஆனால் விலையைவிட முக்கியம், அதைச் செய்பவர் தன் உடலையும் தன் கருவியையும் அளந்து செய்வது. தாங்கியை ஒரு முறை தன் கையால் அறுத்துப் பொருத்தியவருக்கு, எந்தப் பட்டை தளர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்கும். வாங்கிய வண்டியில் அந்த அறிவு கூடவே வருவதில்லை. மாற்றி அமைப்பது தவறாகும் இடமும் உண்டு: உற்பத்தியாளர் சொன்ன பாரத்தைத் தாண்டுவது, துருப்பிடித்த அச்சை நம்புவது, மடக்கும் மூட்டில் பூட்டு தேய்ந்த வண்டியை எடுப்பது. ரைபிளோடு நடுவழியில் மடங்கிக்கொள்ளும் வண்டியைவிடத் தோள் எவ்வளவோ மேல்.

சாமானைக் குறைத்தால் வண்டியே வேண்டாமே என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. சக்கரம் இருக்கிறது என்ற தைரியத்தில் மனிதர்கள் வீட்டையே கட்டிக்கொண்டு வருவார்கள். இரண்டாவது முக்காலி, மூன்றாவது துண்டு, யாரும் கேட்காத கருவிப்பெட்டி. பாரம் கூடக் கூட மையம் உயர்கிறது, தேடும் நேரம் கூடுகிறது, அவசரத்தில் ரைபிளுக்குக் குறுக்கே கை போகிறது. ஆனால் மறுபாதியைப் பார்த்தால், மேலே சொன்ன பட்டியலில் தூக்கியெறியத்தக்கது அதிகமில்லை. கோட்டும் பாயும் தொலைநோக்கியும் இல்லாமல் அந்தப் போட்டியில் ஈடுகொடுக்க முடியாது. ஜூலை வெயிலில் தண்ணீரைக் குறைப்பது புத்திசாலித்தனமும் ஆகாது. ஆகவே சாமானைக் குறைப்பதும் வண்டி வைத்துக்கொள்வதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. சின்னப் பெட்டி வைத்தால் சின்னதாகவே நிரம்பும். பின்பகுதியில் பெரிய வலைப்பை தைக்காமல் இருப்பதே பாதிக் கட்டுப்பாடு.

கடைசியாக ஒரு மறுப்பு, எளிதில் ஒதுக்க முடியாதது. குழந்தை இருந்த இடத்தில் துப்பாக்கியை வைப்பது பார்க்கவே பொறுக்கவில்லை என்பார்கள் சிலர். அந்த மனக்குறையை நான் மதிக்கிறேன். நிழற்குடையையும் துணி இருக்கையையும் வண்ணப் படங்களையும் கழற்றி, அது இனி குழந்தை வண்டி இல்லை என்று யார் பார்த்தாலும் தெரியும்படி செய்துவிட வேண்டும். அழகுக்காக இதைச் சொல்லவில்லை. கார் நிறுத்தத்தில் தூரத்திலிருந்து வரும் வண்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் சரியாகப் புரிந்துகொள்வதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். இதற்குப் பின்னால் இன்னும் கடுமையான ஒரு காரணமும் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தோட்டாவின் குண்டில் ஈயம் இருக்கிறது, பெரும்பாலான தோட்டாக்களின் அடியில் தீப்பொறி தரும் பிரைமரிலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுடும்போது அது புகையாகவும் நுண்தூளாகவும் கையில், கோட்டில், பாயில், தரையில் படிகிறது. பாயைச் சுருட்டி வண்டியில் வைக்கிறோம், காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பையில் போடுகிறோம், அதே கையால் கைப்பிடியைப் பிடிக்கிறோம். ஒரு பருவம் முடிவதற்குள் வண்டியின் துணியும் நுரையும் டயரின் பள்ளங்களும் அந்தத் தூளைச் சேர்த்துவைத்துவிடும். ஈயம் எவருக்கும் கெடுதல், வளரும் மூளைக்கு மிகக் கெடுதல். குழந்தைகளுக்கு இவ்வளவு ஈயம் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை. அதனால் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர்க் குடுவையும் மூடியுள்ள தனிப் பெட்டியில் இருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. தாங்கியின் மெத்தைக்குத் துணியைவிட ஈரத்துணியால் துடைக்க முடிகிற ரப்பரே மேல். வண்டியை வீட்டுக்குள் கொண்டுவராமல் கார் கொட்டகையிலேயே நிறுத்த வேண்டும், உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரமாகத் துடைக்க வேண்டும். மேலும், சுடுகளத்துக்குப் போன வண்டியில் மறுபடி குழந்தையை உட்காரவைக்கவே கூடாது, கழுவியானாலும், புதுத் துணி போட்டானாலும். வண்டி பழசாகிவிட்டால் அதைப் பழைய சாமான் விற்பனையில் வைப்பதோ தெருவோரத்தில் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவதோ கூடாது. இன்னொரு வீட்டில் அது மறுபடி குழந்தை வண்டியாகிவிடும். சட்டத்தை அறுத்து இரும்புக்கும், சக்கரங்களை அடுத்த சுடுகள வண்டிக்கும் கொடுத்துவிட வேண்டும்.